மோனா லிசா பிரதி விலைக்கு வந்தால்: அதன் காலத்தைக் கணிக்கும் முறை

மறுமலர்ச்சிக் காலத்து உருவப்படம் ஒன்றின் பிற்காலப் பிரதி ஏலத்துக்கு வரும்போது, "ஒருவேளை இதுதான் அசலோ?" என்ற ஆசையோடு பார்க்கத் தொடங்குபவர்களே அதிகம். நம் வேலைக்கு அந்தக் கேள்வி உதவாது. பிரதி எப்போது வரையப்பட்டது, எதைப் பார்த்து வரையப்பட்டது, அதற்குமேல் எவ்வளவு பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது ஆகியவற்றை மட்டும் தேடுவோம். எடுத்துக்காட்டாக, 2021 ஜூனில் பாரிஸில் உள்ள கிறிஸ்டீஸ் ஏல இல்லத்தில் விற்பனையான ஹெக்கிங் மோனா லிசாவை வைத்துக்கொள்வோம். 1950களில் தென் பிரான்சில் அதை வாங்கிய ரேமோன் ஹெக்கிங், தன்னிடம் இருப்பதே அசல் என்று பல ஆண்டுகள் வாதாடினார். ஏல இல்லமோ, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இத்தாலியப் பிரதி என்றே அதை விற்றது. 2 முதல் 3 லட்சம் யூரோ வரை மதிப்பிடப்பட்ட படம் 29 லட்சம் யூரோவுக்குப் போனது.

படி 1: ஏலப் பட்டியலின் தலைப்பு வரியை வாசியுங்கள்

ஓவியர் பெயருக்கு முன்னால் உள்ள சொல்தான் முக்கியம். "ஸ்டுடியோ ஆஃப்" என்றால் ஓவியரின் பட்டறையில், அவர் மேற்பார்வையில் உருவாகியிருக்கலாம் என்று பொருள். "சர்க்கிள் ஆஃப்" என்றால் அவர் காலத்தவர், ஆனால் பட்டறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. "ஃபாலோவர் ஆஃப்" என்றால் அவர் பாணியில் வரைந்தவர். மாணவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. "ஆஃப்டர்" என்பது எந்தக் காலத்துப் பிரதிக்கும் பொருந்தும். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டால் நூற்றாண்டு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுத்தில் கேளுங்கள்.

படி 2: முகத்துக்கு முன் முதுகைப் பாருங்கள்

லியோனார்டோ டா வின்சியின் அசல், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள படம், பாப்லர் மரப்பலகையில் வரையப்பட்டது. அளவு 77 செ.மீ.க்கு 53 செ.மீ. மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தின் பிரதி வால்நட் பலகையில் உள்ளது. ஹெக்கிங் பிரதி கான்வாஸில் உள்ளது. கான்வாஸ் என்றால் எச்சரிக்கை தேவை. பழைய கான்வாஸ் நைந்துபோகும்போது அதன் பின்னால் புதுத் துணி ஒட்டுவது 19ஆம் நூற்றாண்டில் மிகச் சாதாரணமாக நடந்தது. அப்போது கான்வாஸை இழுத்துக் கட்டும் உட்சட்டத்தையும் மாற்றிவிடுவார்கள். மூலைகளில் ஆப்பு வைத்து இறுக்கும் சட்டங்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவின என்பதால், அத்தகைய சட்டத்தைக் கண்டவுடன் படமும் அக்காலத்தது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்தச் சட்டம் சொல்வது பழுதுபார்த்த காலத்தை மட்டுமே.

படி 3: எதைப் பார்த்து வரைந்தார்கள் என்று கேளுங்கள்

புதியவர்கள் தாவிச் செல்லும் படி இது. எனக்கோ இதுவே மற்றெல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. அசலைப் பார்த்து வரைந்தவர், வேறொரு பிரதியைப் பார்த்து வரைந்தவர், அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்தவர் என்று மூன்று வகையினர் இருக்கிறார்கள். அச்சுப்படத்தில் நிறம் இல்லாததால், மூன்றாம் வகையினர் ஆடையின் நிறத்தைத் தாமாகவே ஊகித்திருப்பார்கள். சில வேளை படமே இடவலம் மாறியிருக்கும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் மோனா லிசா அரச சேகரிப்பில் இருந்ததால், எல்லோரும் அதன் முன் அமர்ந்து வரைந்திருக்க இயலாது. லூவருக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. பழுத்து மஞ்சளான வார்னிஷின் சாயலையே நிறமாகக் குழைத்துப் பூசியிருந்தால், அந்தப் பிரதி பிற்காலத்தது என்றே நான் ஐயுறுவேன்.

மேலும், இரு ஓரங்களிலும் தூண்கள் முழுமையாகத் தெரியும் பிரதிகள் பல உள்ளன. அசலை யாரோ ஓரம் வெட்டிவிட்டார்கள், வெட்டுவதற்கு முன்பே இந்தப் பிரதி எடுக்கப்பட்டது என்று விற்பவர் சொல்லக்கூடும். லூவர் பலகையை ஆராய்ந்தவர்கள் வண்ணப்பரப்பு வெட்டப்படவில்லை என்று உறுதி செய்துள்ளதால், அந்த வாதத்துக்காக ஒரு யூரோகூடக் கூட்டித் தர வேண்டியதில்லை.

வண்ணத்துக்கு அடியிலுள்ள கோடுகளைக் காட்டும் அகச்சிவப்புப் படம் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். முடிந்த படத்தைப் பார்த்து வரைபவருக்குக் கோட்டை நகர்த்தித் திருத்தும் தேவை குறைவு. பிராதோ பிரதி இதற்கு விலக்கு: அதன் அடியிலும் அசலில் உள்ள அதே திருத்தங்கள் இருந்தன. ஆகவேதான் லியோனார்டோ வரையும்போதே பட்டறையில் ஒருவர் உடன் வரைந்திருக்க வேண்டும் என்று 2012இல் அந்த அருங்காட்சியகம் அறிவித்தது.

படி 4: நீலத்தையும் வெள்ளையையும் சோதியுங்கள்

பிரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. அடிப்பூச்சிலேயே இவை இருந்தால், 17ஆம் நூற்றாண்டு என்ற பேச்சு நிற்காது. பழுதுபார்த்த இடத்தில் மட்டும் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. எனவே சோதனை அறிக்கையில் எந்த இடம், எந்த அடுக்கு என்பது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனிமங்களைக் கண்டறியும், கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இரும்பைக் காட்டியதால் பிரஷ்யன் நீலம் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். காவி மண்ணிலும் இரும்பு உண்டு.

படி 5: இருட்டறையில் ஒரு டார்ச்

புற ஊதா டார்ச்சில் 365 நானோமீட்டர் வகையையே வாங்குங்கள். மலிவான 395 வகை ஊதா ஒளியையும் சேர்த்துக் கொட்டுவதால் மெல்லிய வேறுபாடுகள் மறைந்துவிடும். கூடவே பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதன்மேல் பின்னர் தீட்டிய பகுதிகள் கருந்திட்டுகளாகத் தெரியும். முகத்திலும் கைகளிலும் அத்தகைய திட்டுகள் அதிகம் இருந்தால் நான் விலகிவிடுவேன். பின்னணியில் இருந்தால் பொறுத்துக்கொள்வேன்.

பிற்சேர்க்கை: படம் முழுவதும் ஒரே சீராகப் பச்சையாக ஒளிர்ந்ததாகவும், அதனால் பழுதே இல்லை என்று மகிழ்ந்ததாகவும் சிலர் எழுதியிருந்தார்கள். அடியிலுள்ள பழுதுகளை மறைக்கும் வார்னிஷ்களும் சந்தையில் உண்டு. அப்படிப்பட்ட படத்தைப் பக்கவாட்டு விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நிரப்பிய இடங்களில் வெடிப்புக் கோடுகள் திடீரென்று நின்றுபோவது தெரியும். அதன் பிறகும் ஐயம் இருந்தால், ஏல இல்லத்திடம் படத்தின் நிலை அறிக்கையோடு எக்ஸ் கதிர்ப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.