இத்தாலியில் எந்த ஊர், எந்தக் குளிர்: வீடு எடுக்கும் முன்

இத்தாலியில் குளிர் எப்படி என்று யாராவது கேட்டால், எந்த ஊரில் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். வடக்கே அல்ப்ஸ் பனி, தெற்கே ஆபிரிக்கக் காற்று. ஊருக்கு ஊர் வீடும் செலவும் பழக்கமும் மாறும்.

1993-இல் வந்த அரசாணை ஒன்று, குளிரின் அளவை வைத்து ஊர்களை ஏ முதல் எஃப் வரை ஆறு வலயங்களாகப் பிரித்தது. வீட்டைச் சூடாக்கும் 'ரிஸ்கால்தமென்தோ' எந்த நாட்களில், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பதை அதுதான் சொல்கிறது. மிலானோ, தொரினோ, பொலோஞ்ஞா 'ஈ' வலயம்: ஒக்ரோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, 14 மணி நேரம். ரோமா 'டி': நவம்பர் 1 முதல், 12 மணி நேரம். நாப்போலி 'சி': நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, 10 மணி நேரம். சிசிலியின் பலெர்மோ 'பி': டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, 8 மணி நேரம் மட்டும். சில ஆண்டுகளில் இந்தத் திகதிகள் சற்று முன்பின் ஆகும்.

பலெர்மோவில் குளிர் இல்லை என்று நம்பி வருபவர்கள்தான் அதிகம் நடுங்குகிறார்கள். பழைய மாடிவீடுகள் பலவற்றில் ரிஸ்கால்தமென்தோவே கிடையாது. தை மாதத்தில் தெருவில் வெயில் காயும். உள்ளே ஓடு பதித்த தரை காலைக் கடிக்கும். 2000 வாற் ஹீற்றரும் 1200 வாற் சுடுநீர்த் தொட்டியும் ஓடும்போது கரண்ட் அடுப்பையும் போட்டால் கரண்ட் விழுந்துவிடும். வீட்டு மீற்றர் பெரும்பாலும் 3 கிலோவாற், 3.3 வரைதான் அது பொறுக்கும். கொம்பனியிடம் கேட்டு 4.5 ஆக்கலாம், ஆனால் நிலையான கட்டணமும் ஏறும். சூடும் குளிரும் இரண்டும் தரும் ஏசி உள்ள வீடு, வாடகை கொஞ்சம் கூடினாலும் நல்லது. கூரையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். வறண்ட ஆண்டுகளில் சிசிலியில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும்.

வடக்கில் சிக்கல் வேறு. போ ஆற்றுச் சமவெளியை மூன்று பக்கமும் மலை அடைத்திருப்பதால் காற்று அசையாது. மாரியில் மூடுபனி, கோடையில் புழுக்கம். உடுப்பை வீட்டுக்குள் உலர்த்தி, சோற்று ஆவியையும் உள்ளேயே விட்டால், ஈரக்காற்று குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டு நீராகும். சில வாரத்தில் மூலையில் கறுப்புப் புள்ளி: 'மூஃப்பா', பூஞ்சணம். வீட்டை விடும்போது முற்பணத்தில் வெட்டு விழும். ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் அகலம் திறந்து வைப்பதில் பயனில்லை, சுவர்தான் இன்னும் குளிரும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை முழுதாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மூடுங்கள்.

கட்டிடம் முழுவதற்கும் ஒரே ரிஸ்கால்தமென்தோ என்றால் அந்தச் செலவு வாடகையில் பெரும்பாலும் சேராது. போன ஆண்டின் 'ஸ்பேஸே கொந்தோமீனியாலி', அதாவது கட்டிடப் பொதுச்செலவு, எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

ஆட்கள் விடயத்தில், வடக்கத்தியார் கறார், தெற்கத்தியார் பாசம் என்பதைப் பாதிதான் நம்பலாம். பழக்கம் மாறுவது மட்டும் உண்மை. தெற்கில் கடைகள் பல மதியம் ஒரு மணிக்கு மூடி நாலு மணிபோலத் திறக்கும். இரவுச் சாப்பாடும் பிந்தும். கந்தோரில் எங்கேயும் 'லேய்' போட்டுத்தான் பேச வேண்டும், அது நம் 'நீங்கள்'. நாப்போலிப் பக்கம் முதியவர்களை 'வோய்' என்பதும் உண்டு. சிசிலியில் நாடியை மேலே தூக்கி நாக்கால் 'ட்ச்' என்றால் 'இல்லை' என்று பொருள். நாம் தலையை ஆட்டுவது அவர்களுக்கு விளங்காது. வாயால் 'ஸீ' என்று சொல்லிவிடுங்கள். 'தெர்ரோனே' என்ற சொல்லைப் பகிடிக்கும் எடுக்காதீர்கள். தெற்கத்தியாரை இழிக்கும் சொல் அது.

ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் திருநாளில் கந்தோர்கள் பூட்டு: மிலானோவில் டிசம்பர் 7, ரோமாவில் ஜூன் 29, நாப்போலியில் செப்ரெம்பர் 19, பலெர்மோவில் சாந்தா ரொசாலியாவுக்கு ஜூலை 15. ரொசாலியாவிடம் பலெர்மோவின் பெல்லெக்ரீனோ மலையேறிப் போகிறவர்களில் நம் சைவர்களும் நிறையப் பேர். நாட்காட்டியில் இவை சிவப்பாக இராது; பத்திரம் எடுக்கப் போகும் நாளை இதையும் பார்த்துக் குறியுங்கள்.