ரிசர்வ் கான்ட்ராக்ட் முடிகிறதா? கையெழுத்துக்கு முன்னால் இரண்டு தேதிகளைப் பாருங்கள்

கிரீன் கார்டோடு அமெரிக்கா வந்து ஆர்மி ரிசர்வ் எனும் பகுதிநேர ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கும், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. கிரீன் கார்டு இல்லாதவர்களில் தமிழ் தெரிந்தவர்களையும் எடுத்த மாவ்னி திட்டம் 2016-லேயே புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே கிரீன் கார்டு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

சேரும்போது ரெக்ரூட்டர் விடாமல் போன் செய்வார். முடியும்போது, மறு ஒப்பந்தத்தைக் கவனிக்கும் கேரியர் கவுன்சிலரை நாம்தான் தேடிப் போக வேண்டும். அவரைப் பார்க்கும் முன் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தமான டிடி 4 படிவத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கணக்கு இருக்கும்: யூனிட்டில் கடமை முடியும் தேதி ஒன்று, மொத்தக் கடமை முடியும் தேதி இன்னொன்று. முதல் முறை சேரும் எவருக்கும் மொத்தக் கடமை 8 ஆண்டு; அது விதி. அதில் 6 ஆண்டு யூனிட்டில் மாதாமாதம் டிரில் எனும் வார இறுதிப் பயிற்சி, மீதி 2 ஆண்டு ஐஆர்ஆர் எனும் காத்திருப்புப் பட்டியல் என்பதுதான் பரவலாக உள்ள ஒப்பந்தம். ஆறாவது ஆண்டு முடிந்ததும் "ஆர்மி முடிஞ்சுது" என்று நம்மவர்கள் சீருடையை மடித்து வைத்துவிடுகிறார்கள். முடிந்தது டிரில் மட்டுமே. மிச்சமுள்ள இரண்டு ஆண்டில் அவசர அழைப்பு வந்தால் போயாக வேண்டும். முகவரி மாறினால் தெரிவிக்கவும் வேண்டும்.

உங்கள் முன் இருக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூனிட்டிலேயே மறுபடி கையெழுத்திட்டு 3 முதல் 6 ஆண்டு வரை தொடரலாம். குறுகிய காலத்துக்கு எக்ஸ்டென்ஷன் வாங்கலாம். மாநில அளவிலான பகுதிநேரப் படையான நேஷனல் கார்டுக்கு மாறலாம். அதற்கு இப்போதைய யூனிட் விடுவிக்கச் சம்மதித்து டிடி 368 எனும் விடுவிப்புப் படிவம் தர வேண்டும். ரிசர்வுக்குள்ளேயே முழுநேரமான ஏஜிஆர் வேலைக்கோ, முழுநேர ராணுவத்தின் ஆக்டிவ் டியூட்டிக்கோ முயலலாம். ஐஆர்ஆருக்குப் போகலாம். 8 ஆண்டும் முடிந்திருந்தால் முழுதாக விலகலாம். உடற்தகுதித் தேர்விலோ உடல் கொழுப்பு அளவிலோ தவறி உங்கள் பெயரில் ஃபிளாக் எனும் தடைக்குறி விழுந்திருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். ஃபிளாக் இருக்கும்வரை மறு ஒப்பந்தம் கிடையாது. 2025 ஜூனிலிருந்து உடற்தகுதித் தேர்வின் பெயரும் மதிப்பெண் முறையும் மாறியிருக்கின்றன. பழைய மதிப்பெண்ணை நம்பி இருக்காதீர்கள்.

கையைச் சுடும் இடம் இதற்கப்புறம்தான் வருகிறது: பிள்ளைகளின் படிப்பு.

9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் எனும் கல்விச் செலவுச் சலுகையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். எப்போது கொடுக்கலாம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். சேவையில் இருக்கும்போது மட்டுமே கொடுக்க முடியும். விலகிய மறுநாள், இதற்கு விண்ணப்பிக்கும் மில்கனெக்ட் இணையதளத்தில் எவ்வளவு மன்றாடினாலும் நடக்காது. மாற்றும் அன்று 6 ஆண்டு சேவை முடிந்திருக்க வேண்டும், இன்னும் 4 ஆண்டு தொடர ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கவுன்சிலர் "3 ஆண்டு போதுமே" என்று நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டால், அடுத்த மாதம் சலுகையை மாற்றப் போகும்போது 4 ஆண்டுக்கு 3 பற்றாது. திரும்பவும் எக்ஸ்டென்ஷன், திரும்பவும் காத்திருப்பு. மாற்றும் எண்ணம் இருந்தால் நேராக 6 ஆண்டுக்குப் போடுங்கள். அந்த 4 ஆண்டும் இந்த 6-க்குள்ளேயே ஓடிவிடும், தனியாகச் சேர்ந்துகொள்ளாது.

ரிசர்வில் இருப்பவருக்கு இந்தச் சலுகை தானாக வருவதில்லை. தகுதி பெறக் குறைந்தது 90 நாள் ஆக்டிவ் சேவை வேண்டும். முதல் பயிற்சிக் காலமும் வார இறுதி டிரில்லும் அந்த 90-ல் சேராது. மனைவியோ கணவரோ உடனே பயன்படுத்தலாம். பிள்ளைகள் பயன்படுத்த உங்களுக்கு 10 ஆண்டு சேவை ஆகியிருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட 4 ஆண்டை முடிக்காமல் விலகினால், அவர்கள் அதுவரை செலவழித்தது உங்கள் தலையில் கடனாக வந்து விழும்.

சலுகையை மாற்ற, குடும்பத்தினர் பெயர் முதலில் டீர்ஸ் எனும் ராணுவக் குடும்பப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இங்கேதான் முட்டுகிறது. திருமணச் சான்றில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில், கிரீன் கார்டில் முன்னும் பின்னும் மாறி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பதிவு அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம் இனிஷியல் கணக்கு தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் ஊரில் பெயரைச் சேர்த்து புதுச் சான்று வாங்கிவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றுக்கு அத்தாட்சியோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இதெல்லாம் ஒரு வார வேலை அல்ல. யூனிட் ஆட்களை மாதம் ஒரு வார இறுதியில்தான் பார்க்கிறீர்கள். மூன்று மாதம் இருக்கிறது என்றால் மூன்றே மூன்று சந்திப்பு இருக்கிறது என்று பொருள். ஆகவே முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

குடியுரிமையும் அதே வருடத்தில் முடிய வேண்டிய வேலை. ரிசர்வ் யூனிட்டில் இருப்பவர் என்-400 எனும் குடியுரிமை விண்ணப்பம் போடக் கட்டணம் இல்லை. சேவையை உறுதிசெய்யும் என்-426 படிவத்தில் ராணுவ அதிகாரியின் கையெழுத்து வேண்டும். யூனிட்டில் இருக்கும்போது அது ஒரு டிரில் வேலை, விலகிய பிறகு பெரிய அலைச்சல். குடியுரிமை இல்லாமல் மொத்தச் சேவை 8 ஆண்டைத் தாண்டும்படி ஆர்மி மறு ஒப்பந்தம் தராது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்கள் இங்கே முட்டி நிற்கிறார்கள்.

கடைசி ஆண்டில் "எப்படியும் முடியப்போகுது" என்று டிரில்லுக்குப் போகாமல் இருப்பது மகா முட்டாள்தனம். ஒரு வார இறுதி என்பது 4 டிரில். ஒரு வருடத்துக்குள் அனுமதியில்லாமல் 9 தவறினால் பங்கேற்பு திருப்தியில்லை என்று நடவடிக்கை எடுக்கலாம். இரண்டு வார இறுதியும் மூன்றாவதில் ஒரு காலைப் பொழுதும் போனால் 9 ஆகிவிடும். ராணுவச் சேவையால் குடியுரிமை பெற்றவர், மரியாதையான சேவை 5 ஆண்டு நிறையும் முன் மோசமான விடுவிப்போடு வெளியேறினால், அந்தக் குடியுரிமையையே பறிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

ஐஆர்ஆருக்குப் போவதாக முடிவு செய்தால் முதலில் கேள்வி மருத்துவக் காப்பீடு. 'டிரைகேர் ரிசர்வ் செலக்ட்' எனும் ராணுவ மருத்துவக் காப்பீடு, யூனிட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். 2025-ல் அது குடும்பம் முழுக்க மாதம் 274.48 டாலராக இருந்தது, வேலையிடத்துக் காப்பீட்டில் அந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம். யூனிட்டை விட்டதும் அது போய்விடும். வேலையிடத்துக் காப்பீட்டில் சேர பெரும்பாலும் 30 நாள்தான் தருவார்கள். தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். எஸ்ஜிஎல்ஐ எனும் ராணுவ ஆயுள் காப்பீடு 120 நாள் தொடரும். விலகிய 240 நாளுக்குள், விலகியவர்களுக்கான விஜிஎல்ஐ காப்பீட்டுக்கு மாற்றினால் உடல்நிலை பற்றிக் கேட்க மாட்டார்கள்.

ஓய்வூதியக் கணக்கிலும் ஐஆர்ஆர் இடிக்கும். வருடத்துக்கு 50 புள்ளி இருந்தால்தான் அது கணக்கில் சேரும் ஆண்டு. ஓய்வூதியம் பெற அப்படி 20 ஆண்டு வேண்டும். யூனிட்டில் இருந்தால் சும்மா இருப்பதற்கு 15, டிரில்லுக்கு 48, வருடாந்திரப் பயிற்சிக்கு 14 என்று 77 வந்துவிடும். ஐஆர்ஆரில் அந்த 15 மட்டும். மீதி 35-ஐ நீங்களே தேட வேண்டும்.

போனஸ் பற்றி ஒன்றே ஒன்று. கவுன்சிலர் வாயால் சொன்னது போனஸ் ஆகாது. கையெழுத்திடும் அன்றே போனஸுக்கான இணைப்புத் தாளும் கட்டுப்பாட்டு எண்ணோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேனாவைக் கீழே வையுங்கள். வரும் தொகையில் 22% மத்திய வரி முதலிலேயே பிடிப்பார்கள். நடுவில் நீங்களாக வேலைப் பிரிவை மாற்றினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று. ரெக்ரூட்டருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ அட்டையை இந்திய அரசு தருவதில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு ஊருக்குப் போக விசா எடுக்க வேண்டும். அம்மா அப்பா வயதாகி ஊரில் தனியாக இருந்தால், மறு ஒப்பந்தம் போடும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

எந்த வழியில் போனாலும், விலகும் முன் டிஏ 5016 புள்ளிக் கணக்கை வருடவாரியாகச் சரிபாருங்கள். விட்டுப்போன டிரில் இருந்தால் சம்பளச் சீட்டோடு யூனிட் நிர்வாகியிடம் கொடுத்துத் திருத்துங்கள். அந்த நிர்வாகியே அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாறிப்போயிருப்பார்.