கராத்தே கற்கத் தொடங்குகிறீர்களா? முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கராத்தே வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் உயர உதைக்கும் ஆசையோடு வருகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் முதல் சில மாதங்களை நிற்பதற்கும் நேராகக் குத்துவதற்கும் முழு மனதோடு கொடுத்தவர்களுக்குத்தான் பிறகு எல்லாம் கைகூடுகிறது.

இங்கே நான் சொல்வது ஷோட்டோகான் முறை. ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோவில் செய்துகாட்டிய கலையிலிருந்து வளர்ந்தது. கோஜு ரியு, ஷிட்டோ ரியு போன்ற வேறு கராத்தே முறைகளின் வகுப்புகளில் நிலைகள் சற்று மாறும். அங்கே உங்கள் மாஸ்டர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

1. வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

சேரும் முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். கடைசி வரிசையில் நிற்கும் வெள்ளை பெல்ட் பிள்ளையின் காலை மாஸ்டர் குனிந்து திருத்துகிறாரா? அப்படியென்றால் தாராளமாகச் சேரலாம். குறுகிய காலத்தில் கறுப்பு பெல்ட் என்று உறுதி கொடுக்கும் இடம் வேண்டவே வேண்டாம். மூட்டுவலி, முதுகுவலி, இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்டரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. முஷ்டி

நான்கு விரல்களையும் நுனியிலிருந்து உள்ளங்கைக்குள் இறுக்கமாக மடக்குங்கள். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் மேல் அழுந்தி இருக்க வேண்டும். அதை உள்ளே மடக்கிக் குத்தினால் கட்டைவிரலில் காயம் நிச்சயம். இலக்கில் படவேண்டியவை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடி முட்டிகள் மட்டுமே. மணிக்கட்டு மடங்கக் கூடாது.

3. முன்நிலை (ஸென்குட்சு தாச்சி)

தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நின்று, ஒரு காலை நீளமாக முன்னே வையுங்கள். முன்கால் முழங்காலை, அது பாதத்துக்கு நேர் மேலே வரும்வரை மடக்குங்கள். பின்கால் நீண்டு, குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும். எடையில் பாதிக்குச் சற்று அதிகம் முன்காலில்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. முன்னே அடி வைக்கும்போது இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் வந்துவிடும். பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவீர்கள். தரையில் தோள் அகலத்துக்கு இரண்டு சாக்பீஸ் கோடுகள் போட்டு, ஒரு காலுக்கு ஒரு கோடாக முன்னும் பின்னும் நடந்து பழகுங்கள். நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடாமல் ஒரே உயரத்தில் செல்ல வேண்டும். தொடை எரியும். அந்த எரிச்சலில்தான் காலுக்கு வலு ஏறுகிறது. மாடிப்படி ஏறும்போதே வித்தியாசம் தெரியும். முழங்கால் மூட்டில் வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

4. நேர்க்குத்து

முஷ்டியை இடுப்பருகே, உள்ளங்கை மேல்நோக்கி வையுங்கள். முழங்கை விலாவை உரசியபடி நேராக முன்னே செல்லட்டும். கடைசி நொடியில் முஷ்டி திரும்பி உள்ளங்கை கீழ்நோக்கும். அதே வேகத்தில் மற்றக் கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும். தோள் உயர்ந்தால் குத்தின் வலு அங்கேயே தங்கிவிடும். குத்து முடியும் கணத்தில் மூச்சை வெளியே விடுங்கள். முதலில் மெதுவாக, கண்ணாடி முன் நின்று செய்யுங்கள்.

5. முதல் கட்டா

கற்பனை எதிரிகளைத் தடுத்துத் தாக்கும் ஒழுங்கமைந்த அசைவுத் தொடரே கட்டா. பெரும்பாலும் முதலில் கற்பிப்பது ஹெயான் ஷோடான்: 21 அசைவுகள், கியாய் என்னும் முழக்கம் இரண்டு இடங்களில். கராத்தே ஆசிரியர் அன்கோ இடோசு ஒகினாவா பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய வரிசை இது. கீழ்நோக்கித் தடுப்பதில்தான் தொடங்குகிறது. கராத்தேவில் முதல் தாக்குதல் கிடையாது என்று ஃபுனகோஷி வலியுறுத்தியது இங்கே கண்கூடு. எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கை முன்னே என்று ஓயாமல் கவனிக்க வேண்டியிருப்பதால், வேறு நினைப்புக்கே இடமிருக்காது. படபடப்பான நாளில் இதைச் செய்து பாருங்கள், மூச்சு சீராகிவிடும்.

கட்டா ஓரளவு படிந்த பிறகு இணையோடு ஐந்தடிப் பயிற்சி தொடங்கும். ஒருவர் சொல்லி வைத்த இடத்தில் ஐந்து முறை குத்துவார். மற்றவர் பின்வாங்கித் தடுத்து, ஐந்தாவதில் பதிலடி கொடுப்பார். எதிராளியின் உடலில் படும் முன்பே கை நிற்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒருவருக்கொருவர் வணங்க மறக்காதீர்கள்.