பழைய ஆபீஸ் போர்டு: துரு போகணும், பளபளப்பு போகக் கூடாது

பழைய நிறுவனப் போர்டு கைக்கு வந்ததும் சோப்பும் துணியுமாக உட்கார்ந்துவிட வேண்டாம். எனாமலுக்கு ஒத்துக்கொள்கிற திரவம், அச்சுத் தகரத்தின் (தகட்டின் மேல் மையால் அச்சடித்த போர்டு) நிறத்தை உருவிவிடலாம். கண்ணாடியை ஜம்மென்று துடைக்கிற ஸ்பிரிட், அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் மயிர்க்கோடு வெடிப்புகளை இழுத்துவிடும்.

1. எதனால் ஆனது?

காந்தம் ஒட்டினால் இரும்பு. அடுத்து, எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித்தூளைத் தூவி, சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பிடிக்கவைத்தது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சூளை கண்டிருப்பதால், நிறம் மாறுமிடத்தில் நகம் சின்னப் படி ஏறும். அச்சுத் தகரத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

போலியைப் பிடிக்கச் சில்லு பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். தானாகப் பெயர்ந்தது சிப்பி ஓடுபோல வளைந்திருக்கும். ஓரத்தில் கருமையான அடிப்பூச்சும் நடுவில் கரும்பழுப்புத் துருவும் தெரியும். தேய்த்த கோடுகளும் ஒரே சீரான ஆரஞ்சுத் துருவும் இருந்தால், வேண்டுமென்றே 'வயசாக்கியது' என்று சந்தேகப்படலாம்.

2. எந்தக் காலம்?

பெயரும் சின்னமும் சொல்லிவிடும். ஐபிஎம் என்ற பெயர் 1924இல் வந்தது. 1956இல் வடிவமைப்பாளர் பால் ராண்ட் வரைந்த கட்டி எழுத்துச் சின்னம். 1972இலிருந்து அவரே வரைந்த, எட்டுக் கிடைக்கோடுகளால் ஆன சின்னம். ஜெராக்ஸ் கம்பெனியின் போர்டில் 'ஹாலாய்டு ஜெராக்ஸ்' என்றிருந்தால் இன்னும் சுலபம்: 1958 முதல் 1961 வரைதான் அந்தப் பெயர். ஆனால் சின்னம் சொல்வது 'இதற்கு முன் செய்திருக்க முடியாது' என்பதை மட்டுமே. பழைய சின்னத்தில் நேற்றுக்கூட நகல் அடித்திருக்கலாம்.

3. கழுவுவது

வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி. எனாமலுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவது அபூர்வம். அச்சுத் தகரம் என்றால் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் ஒரு மூலையில் பட்ஸால் சோதித்து, பட்ஸில் நிறம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். தின்னர் பக்கமே போகாதீர்கள்.

4. துரு: பெரும்பாலும் போர்டு கெடுவது இங்கேதான்

டாய்லெட் கழுவும் அமிலம் துருவை ஐந்து நிமிடத்தில் கரைக்கும். கூடவே எனாமலின் மேல்தோலையும் அரித்துவிடும். ஈரமாக இருக்கும்போது தெரியாது. காய்ந்த பிறகுதான் பளபளப்புப் போய் வெளிறிக் கிடப்பது தெரியும். மங்கியது கண்ணாடி என்பதால் மெழுகு அதை மறைக்குமே தவிர, சரிசெய்யாது.

எனாமலுக்கு என் தேர்வு, துருவை அமிலமின்றிப் பிடித்திழுக்கும் 'கீலேட்டிங்' வகைத் திரவம். துரு உள்ள இடத்துக்கு மட்டும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, சொட்டச் சொட்ட நனைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பேப்பர் காயவிடக் கூடாது: காய்ந்த ஓரத்தில் கோடு விழும், அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம். அச்சுத் தகரத்தில் இந்தத் திரவம் வேண்டாம். காவி, பழுப்பு நிறங்களில் இரும்பு ஆக்ஸைடு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடும்.

முடிந்ததும் அலசித் துடைத்து அன்றே உலர்த்துங்கள். வெறும் இரும்பை ஒரு இரவு ஈரத்தில் விட்டால் மறுபடி துருப்பிடிக்கும். பிறகு அந்த இடத்தில் மைக்ரோகிறிஸ்டலின் மெழுகை மெல்லிசாகப் பூசினால் போதும். சில்லுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். சேகரிப்பவர்கள் முதலில் தேடிக் கண்டுபிடிப்பதே அதைத்தான்.

5. மாட்டுவது

தகடு வளையும், கண்ணாடி வளையாது. அதனால் சமமில்லாத சுவரில் ஸ்க்ரூவை இறுக்கினால் துளையைச் சுற்றி எனாமல் 'டக்'கென்று தெறிக்கும். இருபுறமும் நைலான் வாஷர் போட்டு, விரலால் திருகும் அளவோடு நிறுத்துங்கள். பெரிய போர்டு என்றால் கீழ் விளிம்புக்கு ஒரு மரச்சட்டம் தாங்கலாகக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: மின்சாரம் உள்ளவை

போர்டை முடித்தவர்கள் அடுத்து எடுப்பது லைட் பெட்டியும் ஆபீஸ் மெஷினும்தான். 'எரிகிறதா பார்ப்போம்' என்று பிளக்கில் செருகாதீர்கள். நியான் டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை கொடுக்கக்கூடியது. பழைய டியூப்லைட் சோக்குகளில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். அமெரிக்கா 1979இல் அதன் தயாரிப்பைத் தடை செய்தது. கசிந்த சோக்கை வெறுங்கையால் தொடாதீர்கள். மெஷின்களில் மின் இணைப்பு நுழையுமிடத்தில் இருக்கும் பேப்பர் கெபாசிட்டரைப் பாருங்கள்: ஒளிபுகும் உறையில் வெடிப்பு தெரிந்தால், மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் புகை கிளம்பக்கூடும். மாற்றிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.