ரெஃபரலைச் சர்வரே பின்தொடரும்படி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் பின்னால் நின்று, அவர் டைரக்டரி சர்வரை (பயனர் விவரங்களைப் பதிவுகளாக வைத்திருக்கும் சர்வர்) அமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூல சர்வரின் பதிவுகளைப் பிரதியாக வைத்திருக்கும் நகல் சர்வருக்கு வரும் எழுதும் கோரிக்கையை அந்த நகலே மூல சர்வரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அதற்கான ஓவர்லேயை, அதாவது சர்வரின் நடத்தையை மாற்றும் துணைப் பகுதியை, சேர்த்தார், சர்வரை மறுபடி தொடங்கினார், ஒரு பதிவை மாற்றிப் பார்த்தார். 10 என்ற குறியீடுதான் வந்தது. ஒரு மணி நேரம் போராடிய பிறகு நகல் பக்கத்தில் ஒரு சொல்லையும் மூல சர்வரில் ஒரு வரியையும் மாற்றினார். கோரிக்கை நிறைவேறிவிட்டது. மகிழ்ச்சியோடு எழுந்தவரை மீண்டும் உட்காரச் சொன்னேன். அதே சொல்லையும் அதே வரியையும் பல ஆண்டுகளுக்கு முன் நானும் மாற்றியிருக்கிறேன். அதனால் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

ரெஃபரல் என்பது, கேட்ட தகவலோ எழுதும் உரிமையோ தன்னிடம் இல்லாத சர்வர், ‘இங்கே இல்லை, அந்த முகவரிக்குப் போ’ என்று சொல்வது. டைரக்டரி சர்வர்களோடு பேசப் பயன்படும் எல்டாப் (LDAP) நெறிமுறையில் அதன் குறியீடு 10. அந்த முகவரிக்குக் கேட்டவரே போகலாம். அல்லது அவருக்குப் பதிலாகச் சர்வரே போய் விடையை வாங்கி வரலாம். இரண்டாவது வழிக்குப் பெயர் செயினிங். நாங்கள் பயன்படுத்தும் ஓப்பன்எல்டாப் என்ற சர்வர் மென்பொருளில் அதைச் செய்வது செயின் ஓவர்லே. எழுத்துப்பிழை, விட்டுப்போன மேற்கோள்குறி போன்றவற்றைச் சர்வர் தொடங்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓவர்லேயைத் தப்பான இடத்தில் வைப்பது

‘என்னிடம் எழுத முடியாது, மூல சர்வரிடம் போ’ என்ற பதிலை, கோரிக்கை தரவுத்தளத்தை எட்டுவதற்கு முன்பே சர்வரின் முகப்பு அடுக்கு கொடுத்துவிடுகிறது. ஆகவே செயின் ஓவர்லேயும் முகப்பில்தான் இருக்க வேண்டும். பழைய பாணிக் கோப்பு என்றால் முதல் தரவுத்தள வரிக்கு மேலே. புதிய அமைப்பு மரம் என்றால் ஃப்ரண்ட்எண்ட் தரவுத்தளத்தின் கீழே. தரவுத்தளத்துக்குள் வைத்துவிட்டு ஏன் அசையவில்லை என்று தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

செயினுக்கென்று தனி மாட்யூல் கோப்பு கிடையாது. கோரிக்கையை வேறொரு எல்டாப் சர்வருக்கு அனுப்பும் பகுதியான எல்டாப் பேக்எண்டுக்குள்ளேயே அது இருக்கிறது. அந்த பேக்எண்டை ஏற்றினால் போதும்.

பதிலாள் கணக்குக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுப்பது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நகல் சர்வர் மூல சர்வரிடம் போகும்போது தனக்கென ஒரு கணக்கில் நுழைகிறது. அதைப் பதிலாள் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிலாள் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. ‘இன்ன பயனர் சார்பாக வந்திருக்கிறேன், அவருக்கு உரிமை இருந்தால் மட்டும் செய்’ என்று சொல்ல வேண்டும். நகல் பக்கத்தில், பதிலாள் எப்படி நுழைய வேண்டும் என்று சொல்லும் ஐடிஅசர்ட்-பைண்ட் வரியில் மோட் என்ற இடத்தில் ‘செல்ஃப்’ என்று போட்டால் அப்படிச் சொல்லும். அதே இடத்தில் ‘நன்’ என்று போட்டால் பயனரின் பெயரே மூல சர்வருக்குப் போகாது. வந்தவர் யாராக இருந்தாலும் அவருடைய எழுத்து பதிலாளின் எழுத்தாகிவிடும்.

விவரம் தெரிந்தவர்கள் ஏன் ‘நன்’ என்று போடுகிறார்கள்? இளைஞரின் அந்த ஒரு மணி நேரத்தில் இதற்கு விடை இருந்தது. முதலில் அவர் சரியாகவே ‘செல்ஃப்’ என்று போட்டிருந்தார். ஆனால் ஒருவர் இன்னொருவர் சார்பாகப் பேசலாம் என்ற அனுமதி மூல சர்வரில் இயல்பாகவே அடைபட்டிருக்கும். ஆத்ஸ்-பாலிசி என்ற அமைப்பை ‘டு’ என்று மாற்றி, பதிலாளின் பதிவில், யார் சார்பாகப் பேசலாம் என்று குறிக்கும் ஆத்ஸ்டு என்ற பண்பைச் சேர்த்தால்தான் அது திறக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. மூல சர்வர் மறுத்துவிட்டது. இந்த மறுப்புக்கென்று ஆர்எஃப்சி 4370 வகுத்திருக்கும் குறியீடு 123.

அந்த 123 அவர் கண்ணில் படவே இல்லை. பின்தொடர்தல் தோற்றுப்போனால் உண்மையான பிழையை விட்டுவிட்டு முதலில் கிடைத்த ரெஃபரலையே திருப்பிக் கொடுப்பதுதான் செயின் ஓவர்லேயின் இயல்பு. அதனால் ஓவர்லேயே இல்லாதபோது வந்த அதே 10 மறுபடியும் வந்தது. ஓவர்லே வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுகட்டினார். உண்மையில் அது மூல சர்வர் வரை போய், மறுக்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தது.

பிறகு ‘செல்ஃப்’ போய் ‘நன்’ வந்தது. பதிலாளுக்கு எழுதும் உரிமை இல்லாததால் மூல சர்வர் இம்முறை 50 (உரிமை போதாது) என்று மறுத்தது. திரையில் தெரிந்தது மீண்டும் 10. கடைசியில் மூல சர்வரின் அனுமதி விதிகளில் பதிலாளுக்கு டைரக்டரி மரம் முழுவதும் (எல்லாப் பதிவுகளிலும்) எழுதும் உரிமை கொடுத்து ஒரு வரி சேர்த்தார். 10 மறைந்தது.

“தம்பி, இப்போது ஒரு சாதாரணப் பயனராக நுழைந்து, இன்னொருவரின் தொலைபேசி எண்ணை மாற்றிப் பாருங்கள்” என்றேன். மாற்றினார். மாறிவிட்டது. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகல் சர்வரில் அனுமதி விதிகள் இருக்கின்றனவே, அவை தடுக்காதா என்று கேட்டார். தடுக்காது. முகப்பிலேயே ரெஃபரல் எழுந்துவிடுவதால் எழுதும் கோரிக்கை அந்த விதிகளைத் தொடுவதே இல்லை. மூல சர்வரிலோ வந்திருப்பது எல்லா உரிமையும் உள்ள பதிலாள். ஆக, நகலில் கணக்கு வைத்திருக்கும் எவரும் எவருடைய பதிவையும் திருத்தலாம். தன்னை ஒரு நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இது தெரியவந்தது பல மாதங்கள் கழித்து. அவரவர் விவரத்தை அவரவர் திருத்திக்கொள்ள ஒரு பக்கம் வைத்திருந்தோம். அதன் நிரலில் இருந்த வேறொரு பிழையால் ஒருவர் செய்த திருத்தம் இன்னொருவரின் பதிவில் போய் விழுந்தது. சர்வர் மறுத்திருக்க வேண்டிய திருத்தம் அது. பதிவைத் திறந்து, கடைசியாக மாற்றியவரைக் காட்டும் மாடிஃபையர்ஸ்நேம் பண்பைப் பார்த்தேன். பதிலாளின் பெயர். அடுத்த பதிவிலும் அதே பெயர். அந்த நகல் வழியாக வந்த எல்லா மாற்றங்களிலும் அந்த ஒரே பெயர்தான் இருந்தது. யார் எதை மாற்றினார்கள் என்று தணிக்கைக் குழு கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நகல் சர்வரின் லாகில் யார் எப்போது நுழைந்தார்கள் என்பது மட்டும் இருந்தது. அதையும் மூல சர்வரின் லாகையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்தோம். லாகை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை என்பதால் அதற்கு முந்தைய மாற்றங்களைச் செய்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

நான் அன்று நிர்வாகிக் கணக்கில் நுழைந்துதான் சோதித்தேன். எல்லாம் நிறைவேறியது. நிறைவேறக் கூடாத ஒன்றைச் செய்து பார்க்கவே இல்லை. இப்போதும் பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் நிறைவேறுவதைச் சோதிப்பதோடு நின்றுவிடுகின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

இளைஞரோடு சேர்ந்து எல்லாவற்றையும் திருப்பி அமைத்தோம். முதல் வேலையாக, ரெஃபரலுக்குப் பதில் உண்மையான பிழையைக் காட்டும் செயின்-ரிட்டர்ன்-எரர் என்பதை இயக்கினோம். உண்மையான பிழை திரைக்கு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதிலாள் கணக்கிலிருந்து எழுதும் உரிமையை முழுவதும் எடுத்துவிட்டோம். மோட் ‘செல்ஃப்’ என்று மாறியது. மூல சர்வரில் ஆத்ஸ்-பாலிசியை ‘டு’ ஆக்கி, பதிலாளின் பதிவில் ஆத்ஸ்டுவைச் சேர்த்தோம். அதில் எல்லோரையும் குறிக்கும் நட்சத்திரத்தைப் போடவில்லை. பயனர்கள் இருக்கும் கிளையை மட்டும் குறிப்பிட்டோம். நிர்வாகக் கணக்குகள் அந்தக் கிளைக்கு வெளியே இருப்பதால் அவர்கள் பெயரில் பதிலாள் பேச முடியாது. நகல் பக்கத்தில், யாருக்காகப் பதிலாள் போகலாம் என்று சொல்லும் ஐடிஅசர்ட்-ஆத்ஸ்ஃப்ரம் வரியையும் அதே கிளைக்குச் சுருக்கினோம்.

ஆத்ஸ்டு பண்பைப் பயனர்கள் தங்கள் பதிவில் தாங்களே எழுத முடியாதபடி அனுமதி விதியில் பூட்டினோம். இதைத் தவறவிட்டால் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. தன் பதிவு முழுவதையும் திருத்தும் உரிமை உள்ள ஒருவர், ‘நான் யார் சார்பாகவும் பேசலாம்’ என்று தனக்குத் தானே எழுதிக்கொண்டுவிடுவார்.

பிறகு இளைஞர் சாதாரணப் பயனராக நுழைந்து அந்தப் பயனரின் எண்ணை மாற்றினார், நிறைவேறியது. மாடிஃபையர்ஸ்நேமில் அந்தப் பயனரின் பெயர் இருந்தது. இன்னொருவரின் எண்ணை மாற்ற முயன்றார், 50 வந்தது. அந்த 50-ஐப் பார்த்த பிறகுதான் அவரை எழுந்துபோக விட்டேன்.

மூல சர்வரின் ரூட் கணக்கையே பதிலாளாக வைப்பது

வைக்காதீர்கள். அதன் கடவுச்சொல் ஒவ்வொரு நகலின் அமைப்புக் கோப்பிலும் கிடக்கும்.

பைண்டும் பின்தொடரப்படும் என்று நம்புவது

பின்தொடரப்படாது. செயின் ஓவர்லே விட்டுவிடும் ஒரே செயல் பைண்ட், அதாவது சர்வருக்குள் நுழைவது. வேறு சர்வரில் மட்டுமே இருக்கும் பயனர் இதன் வழியாக நுழைய முடியாது.

இதோடு ஒட்டிய ஒன்று: கடவுச்சொல் கொள்கை ஓவர்லே, தவறான முயற்சிகளின் எண்ணிக்கையை அந்தந்த நகலிலேயே எழுதிக்கொள்ளும். மூன்று நகல் இருந்தால் மூன்று தனிக் கணக்கு. மூல சர்வரில் ஒரே கணக்காகச் சேர வேண்டுமானால் பிபாலிசி-ஃபார்வர்ட்-அப்டேட்ஸ் என்பதை இயக்க வேண்டும். மூல சர்வரின் முகவரியைச் சொல்லும் அப்டேட்ரெஃபும் செயின் ஓவர்லேயும் சரியாக அமைந்திருந்தால்தான் அதுவும் வேலை செய்யும்.

எழுதியதை அடுத்த நொடியே நகலில் தேடுவது

எழுத்து போனது மூல சர்வருக்கு. அது நகலுக்குத் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். புதுப் பதிவைச் சேர்த்த கையோடு படித்துச் சரிபார்க்கும் நிரல்கள் இங்கே 32 வாங்கிக்கொண்டு, அப்படி ஒரு பதிவே இல்லை என்று விழுந்துவிடும். ரெஃபரல் நேராக வந்தபோது, எழுதிய இடம் வேறு என்பது நிரலுக்குத் தெரிந்திருந்தது. இப்போது நாமே அதை மறைத்துவிட்டோம். அதனால் மறுமுயற்சியை நிரலில் எழுதுவதும் நம் பொறுப்பு.

கிளையன்டும் பின்தொடர்வது

சர்வர் பின்தொடரத் தொடங்கியதும் கிளையன்ட் (சர்வரிடம் கேட்கும் நிரல்) பக்கத்தில் அதை நிறுத்திவிடுங்கள். ஓப்பன்எல்டாப் நூலகத்தில் இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். எந்தக் கணக்கில் நுழைவது என்று தனியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் புது சர்வரிடம் பெயரில்லாதவராகவே போய் நிற்கும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் டொமைனின் உச்சியிலிருந்து தேடும்போது ‘முதலில் வெற்றிகரமாக பைண்ட் செய்ய வேண்டும்’ என்ற விளக்கத்தோடு 1 என்ற பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்துவிட்டோம் என்று பலர் அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஜாவாவின் டைரக்டரி நூலகமான ஜேஎன்டிஐ இதற்கு நேர்மாறு, சொன்னால்தான் பின்தொடரும்.

பதிலாளின் கடவுச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் அனுப்புவது

389 போர்ட் என்றால், இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டாயம். இல்லையென்றால் 636.

ரெஃபரல் பதிவைச் சாதாரணப் பதிவு போல அழிப்பது

மரத்தின் ஒரு கிளை வேறு சர்வரில் இருக்கும்போது அந்த இடத்தில் ஒரு ரெஃபரல் பதிவை வைக்கிறோம். பின்னால் அது வேண்டாமென்று அழிக்கும்போது, பதிவையே தொடுகிறோம் என்று சர்வருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு மேனேஜ்-டிஎஸ்ஏ-ஐடி என்ற கட்டுப்பாடு உண்டு. ஆர்எஃப்சி 3296 இதை விளக்குகிறது. கட்டளை வரிக் கருவிகளில் பெரிய எழுத்து ‘எம்’ விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

அது இல்லாமல் அழிக்கச் சொன்னால் ரெஃபரல்தான் விடையாக எழும். செயினிங் இல்லாத காலத்தில் 10 வந்ததோடு விஷயம் முடிந்துவிடும். இப்போது சர்வர் அந்த முகவரிக்குப் போய், உங்கள் பெயரில், அங்கிருக்கும் உண்மையான பதிவை அழிக்க முயலும். அதன் கீழே வேறு பதிவுகள் இருந்தால் 66 என்ற மறுப்பு வந்து தப்பித்துவிடுவீர்கள். கீழே எதுவும் இல்லையென்றால் அங்கே பதிவு போய்விடும். நீங்கள் அழிக்க நினைத்த ரெஃபரல் இங்கே அப்படியே இருக்கும்.