டிசம்பரில் ஊருக்குப் போய்க் குடிநீரை எடைபோடாதீர்கள்

எங்கள் ஊர்ச் சங்கம் சிறியது. சிங்கப்பூரில் ஐம்பது குடும்பங்கள்கூட இல்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை தேக்காவுக்கு அருகில் ஒரு வாடகை அறையில் கூடி, தமிழ்நாட்டில் உள்ள எங்கள் ஊரின் குடிநீருக்கும் கழிப்பறைகளுக்கும் எவ்வளவு பணம் அனுப்புவது, எந்த வேலைக்கு அனுப்புவது என்று பேசுவோம். மாவட்ட நிர்வாகம் வெளியிட்ட முன்னேற்ற விவரங்களை ஒருவர் அச்செடுத்து வருவார். ஊருக்குப் போய்வந்தவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு, "எல்லாம் முடிந்துவிட்டது, நம் பணம் இனித் தேவையில்லை" என்றோ, "ஒன்றுமே நடக்கவில்லை" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவோம். இரண்டு விதமாகவும் நாங்கள் தவறியிருக்கிறோம். தண்ணீர் கிடைக்காத தெருவுக்கு உதவியை நிறுத்தியிருக்கிறோம். ஏற்கெனவே வசதி உள்ள தெருவில் இன்னொரு தொட்டி கட்டியிருக்கிறோம். இதே வேலையைச் செய்யும் மற்ற சங்கங்களும், பள்ளி, கல்லூரித் தொண்டூழியக் குழுக்களும் அதே இடங்களில் இடறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நம் விடுமுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய நீள்கிறது. பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் போகிறோம். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிற காலமும் அதுதான். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. நாம் போய் இறங்கும்போது கண்மாய் தளும்பி நிற்கிறது, கிணற்றில் வாளிக்கயிறு பாதிகூட இறங்கத் தேவையில்லை, அடிகுழாயை நான்கு முறை அழுத்தினால் தண்ணீர் விழுகிறது. அதைப் படமெடுத்து வருகிறோம். அதே அடிகுழாயை மே மாதக் கடைசியில் நாற்பது முறை அழுத்தினாலும் காற்றுதான் வரும் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை.

சென்னையை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே நகரத்துக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் அந்தக் கோடையில் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. குழாய்களும் தொட்டிகளும் இரண்டு ஆண்டுகளிலும் அதே இடத்தில்தான் இருந்தன. ஆகவே ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் அதிலுள்ள விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன், தகவல் எந்த மாதத்தில் திரட்டப்பட்டது என்று பாருங்கள். மாதம் குறிப்பிடப்படாவிட்டால் கேளுங்கள். நேரில் போவதாக இருந்தால் நமக்கு ஜூன் மாதத்தில் நான்கு வாரம் பள்ளி விடுமுறை இருக்கிறது. வெயில் கடுமைதான். ஆனால் ஊரின் குடிநீர் ஏற்பாடு எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை அந்த வெயிலில்தான் பார்க்க முடியும்.

அடுத்த தவறு, குழாயை எண்ணிவிட்டுத் தண்ணீரை எண்ணாமல் விடுவது. இந்தியாவின் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. ஊரகப் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் திட்டத்தின் வரையறை அத்தோடு முடியவில்லை: ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத்தக்க தரத்தில், தொடர்ந்து வரவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது செயல்படும் இணைப்பு. அறிக்கைகளில் முன்னால் நிற்பது இணைப்புகளின் எண்ணிக்கை. நாமும் அதைத்தான் கூட்டத்தில் உரக்கப் படிக்கிறோம்.

லிட்டர்க் கணக்கு நம் வீட்டுப் பெண்களிடம் எடுபடாது. குடக் கணக்கில் கேட்க வேண்டும். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 18 குடத்துக்குமேல் கிடைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தியிடம் இப்படிக் கேட்டேன். "மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், ஆறேழு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடும்" என்றார். அந்த வீடு அறிக்கையில் இணைப்புப் பெற்ற வீடு. அறிக்கை பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

தலைவரையும் அதிகாரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். ஊரின் தண்ணீர் வரலாறு முழுவதும் அவரிடம் இருக்கிறது. மோட்டார் கடைசியாக எப்போது பழுதானது, சரிசெய்ய எத்தனை நாள் ஆனது, பணத்தை யார் கொடுத்தார்கள், தொட்டியை எப்போது கழுவினார்கள், குளோரின் கையிருப்பு இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். கட்டுவதற்கு ஒதுக்கிய தொகையை அறிக்கையில் பெரிதாகப் போடுகிறார்கள். பராமரிப்புக்கு என்ன கிடைத்தது என்பது இவரைப் போன்றவர்களின் சம்பளத்திலும், மோட்டார் பழுதாகிக் கிடந்த நாட்களின் எண்ணிக்கையிலும்தான் தெரியும். நன்கொடை அனுப்ப நினைக்கும் சங்கங்கள் புதிய தொட்டியை விட இந்தப் பராமரிப்புக்கே பணம் கொடுப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. கல்வெட்டில் பெயர் பொறிக்க அதில் இடம் இருக்காது. அதனாலேயே அதற்குப் பணம் வருவதில்லை.

சராசரியைப் பற்றியும் கடுமையாகவே சொல்ல வேண்டும். மாவட்டத்தில் 90 விழுக்காடு என்றால், மீதிப் பத்து யார்? அந்தப் பத்து மாவட்டம் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை. குழாய் முடிகிற இடத்தில், மேட்டுத் தெருவில், ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பில், பட்டியலின மக்கள் வாழும் தெருவில் போய்த் திரண்டு நிற்கிறது. தண்ணீரின் அழுத்தம் முதல் வீட்டில் அதிகமாகவும் கடைசி வீட்டில் குறைவாகவும் இருப்பது இயற்கை. முதல் வீடு யாருடையது, கடைசி வீடு யாருடையது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தொட்டிகளை மட்டும் எண்ணும் கணக்கில் அதுவும் ஒரு தொட்டி. மக்கள் அதிலிருந்து அச்சமின்றிக் குடிக்க முடிகிறதா என்று கேட்டால்தான் அந்த ஊரின் நிலை தெரியும். ஆகவே தெருவாரியான விவரம் இல்லாத அறிக்கையைப் பாதி அறிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆண்டைப் பற்றி இரண்டு ஆவணங்கள் இரண்டு எண்களைத் தரும்போது, ஒன்று பொய் என்று சண்டையிடுவதும் எங்கள் கூட்டத்தில் வழக்கமாக இருந்தது. தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஐந்து ஆண்டு கழித்து அதே நாளில், ஊரக இந்தியா திறந்தவெளியில் மலம் கழித்தல் இல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஊரகத்தையும் நகரத்தையும் சேர்த்து 19 விழுக்காட்டுக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்று பதிவாகியிருக்கிறது. முதலாவது, கட்டப்பட்ட கழிப்பறைகளையும் ஊராட்சிகள் கொடுத்த அறிவிப்புகளையும் கூட்டிய கணக்கு. இரண்டாவது, வீட்டுக்குள் போய் "நீங்கள் எங்கே போகிறீர்கள்" என்று கேட்ட கணக்கு. கட்டிய கழிப்பறையில் விறகும் உரமூட்டையும் அடுக்கிவைத்திருக்கும் வீட்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தண்ணீர் சுமந்துவர வேண்டியிருந்தால் யார்தான் ஒரு வாளியைக் கழிப்பறைக்கு ஊற்ற மனம் வைப்பார்கள்? எண்கள் முரண்படும் இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கேதான் விசாரிக்க வேண்டியது இருக்கிறது. விழுக்காடு எந்த மக்கள்தொகையை வைத்துப் போடப்பட்டது என்பதையும் பாருங்கள். இந்தியாவில் 2021-ல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்தே போட்ட விழுக்காடுகள் இன்னும் உலவுகின்றன.

கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். உள்ளே போனது எங்கே போகிறது என்று நாங்கள் பல ஆண்டுகள் கேட்டதே இல்லை. இரட்டைக் குழிக் கழிப்பறையாக இருந்தால், ஒரு குழி நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றி, முதல் குழியில் உள்ளது மக்கி உரமாகும்வரை விட்டுவைக்கலாம். ஆனால் மேட்டிமையாக இருக்கட்டும் என்று பெரிய செப்டிக் டேங்க் கட்டுகிறவர்கள்தான் நம் ஊர்ப்பக்கம் அதிகம். அது நிறைந்ததும் லாரியை அழைக்கிறார்கள். லாரி அதை எங்கே கொட்டுகிறது? சுத்திகரிப்பு நிலையத்திலா, ஊர் எல்லையில் உள்ள ஓடையிலா? ஓடையில் என்றால், மழை வந்ததும் அது கண்மாய்க்கு வருகிறது. கழிப்பறை கட்டியதன் பயன் பாதி போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2014-லேயே கழிவுக் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகள் வெளிவந்துவிட்டன. ஆகவே, "லாரி எங்கே கொட்டுகிறது" என்று எந்த ஊராட்சியிடமும் கேட்கலாம். அது அத்துமீறிய கேள்வி அல்ல. தொட்டிக்குள் ஆள் இறங்குகிறாரா என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-லிருந்து இருக்கிறது. அதற்குப் பிறகும் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கிடைத்த தூய்மையை முன்னேற்றம் என்று எந்த அறிக்கையிலும் என்னால் ஏற்க முடியாது.

தெளிவாக இருக்கும் தண்ணீரைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று எழுதிவிடுவது சிறிய தவறுபோலத் தோன்றும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களைக் கேட்டால் தெரியும். அங்கே நிலத்தடி நீர் கண்ணாடிபோலத்தான் இருந்தது. அதிலிருந்த ஃபுளோரைடு பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கியது, பெரியவர்களின் எலும்பைப் பாதித்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாக்குக்கு அது தெரியாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருகிறார்கள். அவர்கள் யார் என்று கேட்டுப் பரிசோதனைப் பதிவேட்டைப் பாருங்கள்.

கைகழுவும் பழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "சோப்பால் கைகழுவுகிறீர்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கைகழுவும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே தண்ணீரும் சோப்பும் அந்த நேரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து கண்காணிக்கும் முறை. பள்ளிக்கூடங்களில் கூடுதலாக ஒன்று: பெண்பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இத்தனையும் சொன்னபிறகு, சிங்கப்பூர்க்காரர்களான நம்மிடம் மட்டும் உள்ள ஒரு தவறைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போய் ஊரை அளந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு வருகிறோம். சிங்கப்பூர் எடுத்துக்கொண்ட காலத்தை மறந்துவிடுகிறோம். 1963-ல் இங்கே பல மாதங்கள் தண்ணீரைப் பங்கிட்டுத்தான் விட்டார்கள். வாளிக் கழிப்பறைகளிலிருந்து மலத்தை லாரியில் அள்ளிச் செல்லும் முறை 1987-ல்தான் முற்றிலும் நின்றது. லோரோங் ஹாலுஸில் இருந்த நிலையமே அந்த வேலையின் கடைசி இடம். சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்க 1977-லிருந்து பத்து ஆண்டு பிடித்தது. அதற்காகக் குடும்பங்களுக்கு மாற்று வீடும், சாலையோர வியாபாரிகளுக்கு மாற்று இடமும் கொடுத்து நகர்த்த வேண்டியிருந்தது. நம் பெரியவர்கள் பலர் அந்த வாளிக் கழிப்பறைகளைப் பயன்படுத்தியவர்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒப்பிட வேண்டுமானால் ஊரின் இன்றைய நிலையை அதே ஊரின் ஐந்து ஆண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடுங்கள். பக்கத்து ஒன்றியத்தோடு ஒப்பிடுங்கள். உலகக் கழிப்பறை நாளாக நவம்பர் 19-ஐ ஐ.நா. பொதுச்சபை 2013-ல் ஏற்றது சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஊரைத் தாழ்த்திப் பேசும் உரிமையை அது தரவில்லை.

தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்வது? தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். இங்கே குடியுரிமை பெற்றவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் நம் அத்தைக்கும் மாமாவுக்கும் தம்பிக்கும் இருக்கிறது. கேள்விகளை எழுதி அனுப்பினால் அவர்கள் எழுந்து கேட்பார்கள்; தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

எங்கள் சங்கத்தில் மூன்று குடும்பங்கள் வரும் ஜூன் மாதம் ஊருக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கின்றன. பார்க்கவேண்டிய வீடுகளின் பட்டியலைப் போன வாரம் எழுதினார்கள். சாலையோரத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தியின் வீடு முதலில் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, குழாய் முடிகிற தெருவின் கடைசி மூன்று வீடுகளை எழுதிக் கொடுத்தேன்.