மாருதி 800: ஹெட் கேஸ்கெட் கோளாறைக் கண்டறிந்த விதம்

வெளியே ஒழுக்கு ஏதும் இல்லாமலேயே ரேடியேட்டர் நீர் குறைந்ததும், ஏற்றங்களில் வெப்பமானி முள் சிவப்பை நெருங்கியதும் என் பழைய மாருதி 800-இன் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகட்டை, சந்தேகிக்க வைத்தன. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ததில், நீர் சூடேறும் முன்பே சோடாவைப் போல விடாமல் குமிழிகள் கிளம்பின; சிலிண்டரின் வாயு நீருக்குள் கசிவதன் அடையாளம் அது. மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்த இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) ஒருசேரக் குறைந்திருந்ததால், கேஸ்கெட் அவற்றுக்கு நடுவில்தான் எரிந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் நீர் கலக்காமல் சுத்தமாகவே இருந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சினில் குறையில்லை என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. கழற்றிய அலுமினிய ஹெட்டை இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்தபோது வளைவு 0.05 மி.மீ. வரம்பைத் தாண்டியிருந்தது. அதன் பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேசிங் செய்து, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முறுக்கினோம். மூல காரணம், போர்வெல் நீரின் உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர். இப்போது கூலண்டுடன் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே கலந்து ஊற்றுகிறேன்.